மட்ட ஜல்லியும் மகாகவி பாரதி நகர்த் தெருக்களும்

(நமது முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் அவர்கள் போன் செய்து, "உன் தொழில் சம்பந்தமா இருபது நிமிஷம் பேசு, ஆனா வீட்டுக்காரங்களுக்கும் புரியணும்" என்று உத்தரவு போட்டார். நான் ரோடு போடுகிற ஆள். அதிலும் கான்கிரீட் ரோடு. என் பேச்சு ஜல்லியைப் பற்றித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் குடியிருப்பது வியாசர்பாடியை ஒட்டிய எம்.கே.பி. நகரில். மகாகவி பாரதி நகர் என்று முழுப்பெயர் சொன்னால் ஆட்டோக்காரருக்கே ஒரு நிமிஷம் யோசனை வரும். தாழ்வான பகுதி. ஒரு பக்கம் கேப்டன் காட்டன் கால்வாய், இன்னொரு பக்கம் கொடுங்கையூர் குப்பைமேடு. 2015 டிசம்பரிலும் சரி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் சரி, தண்ணீர் வந்ததை விட வடியாமல் நின்றதுதான் பெரிய கொடுமை.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். கட்டும்போது தெருவிலிருந்து இரண்டு மூன்று படி ஏறி உள்ளே போயிருப்பார்கள். இன்றைக்குப் பல வீடுகளில் படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். வீடு இறங்கவில்லை, தெரு ஏறிவிட்டது. பழைய ரோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே அரை அடி, அரை அடி என்று போட்டுக்கொண்டே வந்தால் வேறென்ன ஆகும்? வாசலில் சிமெண்ட் தடுப்புக் கட்டி, மழைக்கு மணல் மூட்டை அடுக்கி, கட்டிலின் மேல் கட்டிலைப் போட்டு வாழ்கிறார்கள்.

இதற்காகத்தான் பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் தெளிவாகவே அறிவுறுத்தினார். நல்ல விஷயம். ஆனால் சுரண்டி எடுத்த பொருளை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நான் இன்றைக்குச் சொல்ல வந்த செய்தி அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனமுள்ள பழைய கான்கிரீட் தெரு. பெயர்த்தால் 60 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.4 டன் என்று வைத்தால் 144 டன். பத்து டன் டிப்பரில் ஏற்றினால் பதினான்கு பதினைந்து லோடு வெளியே போக வேண்டும். ஒரே ஒரு குறுக்குத் தெருவுக்கு இவ்வளவு. அந்த லோடெல்லாம் எங்கே போகிறது என்று வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கால்வாய்க் கரை, ரயில்வே ஓரம், காலி மனை, ஏதாவது ஒரு குட்டை. தண்ணீர் நிற்க வேண்டிய பள்ளத்தை ரப்பிஷ் கொட்டித் தூர்த்துவிட்டு, தண்ணீர் வீட்டுக்குள் வருகிறதே என்று அழுகிறோம்.

அதே சமயம், புது ரோட்டுக்குக் கருங்கல் ஜல்லி எங்கிருந்து வருகிறது? ஒரு காலத்தில் பல்லாவரம், திரிசூலம் மலைகளிலிருந்து வந்தது. அந்தக் கல்லுக்கு சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்துதான், தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893-ல் அந்தப் பெயரை வைத்தார். அது நம் சென்னைப் பக்கத்து மலைக்கல். உலகம் முழுக்க நிலவியல் படிக்கிறவர்கள் நம் ஊர்க் கல்லுக்கு கல்கத்தாக்காரர் பெயரைச் சொல்கிறார்கள், போகட்டும். உலகத்தரமான கல் அது. தண்ணீர் உறிஞ்சுவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் பல்லாவரத்தில் வெட்டி வெட்டி இப்போது பள்ளமும் தண்ணீரும்தான் மிச்சம். இன்றைக்கு நல்ல ஜல்லி என்றால் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று தள்ளித்தள்ளிப் போய்க் கொண்டுவருகிறோம்.

இப்போது மட்ட ஜல்லி என்றால் என்ன என்று சொல்கிறேன். நம் லேபில் செய்த சோதனைகள் ஞாபகம் இருக்கும். 14 கிலோ சம்மட்டியை 38 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பதினைந்து தடவை போடுவோம். எவ்வளவு தூளாகிறது என்று பார்ப்போம். இன்னொன்று லாஸ் ஏஞ்சல்ஸ் டிரம். உள்ளே இரும்புக் குண்டுகளைப் போட்டு 500 சுற்று. அது ஓடும்போது பக்கத்து வகுப்பில் பாடமே நடக்காது, ஆசிரியர் வெளியே வந்து முறைப்பார். இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 383-ஐ எடுத்துப் பார்த்தீங்கன்னா, அதில் ஒரு வித்தியாசம் காலங்காலமாக இருக்கிறது. வண்டிச் சக்கரம் நேரடியாகத் தேய்க்கிற மேல்தளத்துக்கு இந்தத் தேய்மான அளவு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மற்ற கான்கிரீட்டுக்கு 50 சதவீதம் வரை பரவாயில்லை. அதாவது, "இந்தக் கல் நல்லதா கெட்டதா" என்று விதி கேட்கவே இல்லை. "எங்கே போடப் போகிறாய்?" என்றுதான் கேட்கிறது.

தெருவில் நின்று ஜல்லியைக் கையில் எடுத்துப் பார்த்து "இது மட்டம் சார்" என்று சொல்கிறோமே, அது பாதி வாக்கியம். எதற்கு மட்டம் என்று சொன்னால்தான் அது முழுசாகும்.

நல்ல கான்கிரீட் ரோடு என்பது ஒரே அடுக்கு அல்ல. மண்ணைக் கெட்டிப்படுத்தி, அதன் மேல் பத்துப் பதினைந்து சென்டிமீட்டருக்கு டிரை லீன் கான்கிரீட் என்று ஒன்று போடுகிறோம். டி.எல்.சி. என்போம். சிமெண்ட் குறைவு, தண்ணீரும் குறைவு. உருளை விட்டு அழுத்துகிற கலவை. அதற்கு மேல் பாலித்தீன் ஷீட். அதன் மேல்தான் நாம் கண்ணால் பார்க்கிற கெட்டிக் கான்கிரீட். நெடுஞ்சாலை என்றால் மேல்தளம் எம்-40; சிமெண்ட் கன மீட்டருக்கு 360 கிலோ அளவில் போகும். டி.எல்.சி.க்கு அதில் பாதி கூட வேண்டாம். ஏழு நாளில் சராசரியாக 7 மெகாபாஸ்கல் வலு வந்தால் இந்திய ரோடு காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 58 வழிகாட்டி அதை ஏற்றுக்கொள்கிறது. நம் தெருக்களுக்கு மேல்தளம் எம்-30 போதும்.

7 மெகாபாஸ்கலுக்கு சார்னோக்கைட் எதற்கு? பட்டுப் புடவையைத் தலையணைக்கு உறை போடுவது மாதிரி இருக்கிறது.

2016-ல் ஐ.எஸ். 383 திருத்தப்பட்டபோது இதற்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். பழைய கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லியைக் கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்-25 வரைக்கும் 20 சதவீதம், எம்-15க்குக் கீழான லீன் கான்கிரீட்டில் நூற்றுக்கு நூறும் போடலாம். செங்கல், காரை எல்லாம் கலந்த இடிபாட்டு ஜல்லிக்குக் கூட லீன் கான்கிரீட்டில் மட்டும் முழு அனுமதி உண்டு. அனல்மின் நிலையத்து அடிச்சாம்பலுக்கு லீன் கான்கிரீட்டில் 25 சதவீதம், வேறெங்கும் கிடையாது. எண்ணூர், அத்திப்பட்டு பக்கத்து நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் போய்ப் படிகிறதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் கடலோரக் குட்டையில் கிடந்த சாம்பலை உப்பு சோதனை செய்யாமல் தொடக் கூடாது என்று என் பங்குக்கு எச்சரித்து வைக்கிறேன். ரோடு கான்கிரீட்டில் பெரும்பாலும் கம்பி இல்லைதான்; ஆனால் இரண்டு பலகைகளைச் சேர்க்கும் டவல் கம்பி இருக்கிறதே, அது துருப்பிடித்தால் மூட்டு போய்விடும்.

வெளிநாட்டில் இதை எப்போதோ ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து பெல்ஃபான்டேன் ஊரில் 1891-ல் ஜார்ஜ் பார்த்தலமியூ என்பவர் போட்ட ரோடுதான் அந்த நாட்டின் முதல் கான்கிரீட் ரோடு. அதையே அவர் இரண்டு அடுக்காகத்தான் போட்டார். கீழே ஒரு கலவை, தேய்கிற மேல்பக்கத்துக்கு வேறு கலவை. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கும் சால்ஸ்பர்க்குக்கும் நடுவே ஓடும் ஏ-1 நெடுஞ்சாலையை 1990-ஐ ஒட்டிப் புதுப்பித்தபோது, பழைய கான்கிரீட்டை அங்கேயே உடைத்து, அந்த ஜல்லியைக் கீழடுக்கில் போட்டு, மேலே சில சென்டிமீட்டர் மட்டும் கடினமான கல்லில் முடித்தார்கள். அங்கே அது இன்றைக்கு வழக்கமான வேலை.

கீழடுக்கு என்றதும் எதையும் போடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்திரியாக்காரர்கள் செய்தது மேல்தளத்தையே இரண்டாகப் பிரித்தது. சக்கரம் ஏறும்போது பலகை வளைகிறது. இழுவிசை அடிப்பக்கத்தில் வருகிறது. ஆகவே அந்தக் கீழடுக்குக்கும் வலு வேண்டும். தேய்மானத்தைத் தாங்கும் கடினம்தான் வேண்டாம். நான் நம் ஊருக்குச் சொல்வது அதைவிட எளிது. மேல்தளத்தைத் தொடவே வேண்டாம், அது முழுக்கக் கருங்கல் ஜல்லியாகவே இருக்கட்டும். டி.எல்.சி.யை மட்டும் பழைய தெருவின் கல்லில் போடுவோம்.

நம் 100 மீட்டர் தெருவுக்கே திரும்பி வருவோம். 144 டன்னை உடைத்துச் சலித்தால் பாதிக்குக் குறையாமல் ஜல்லியாகக் கிடைக்கும் என்று வைப்போம். 70 டன்னுக்கு மேல். 10 சென்டிமீட்டர் டி.எல்.சி.க்கு 40 கன மீட்டர் கலவை. அதற்கு ஐம்பது டன் ஜல்லி போதும். தெருவின் கல் தெருவுக்கே போதும், மிச்சமும் இருக்கும். பெயர்த்துவிட்டுப் போடுவதால் மட்டமும் ஏறாது.

இனி இதில் இருக்கும் சிக்கல். முதல் எதிரி தண்ணீர். கருங்கல் ஜல்லியைக் காய வைத்து ஒரு கிலோ எடை போட்டு, ஒரு நாள் ஊற வைத்து, துணியால் துடைத்து மறுபடி எடை போட்டால் ஐந்து பத்து கிராம் கூட ஏறாது. உடைத்த கான்கிரீட் ஜல்லியில் பழைய சிமெண்ட் காரை ஒட்டிக்கொண்டிருக்கும். அது நாற்பது ஐம்பது கிராம் குடிக்கும். சில சமயம் அதற்கு மேலும். காய்ந்த ஜல்லியை அப்படியே மில்லரில் கொட்டினால் அது கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும். கலவை இறுகும். உடனே நம்ம ஆள் என்ன செய்வார்? "இன்னும் ரெண்டு பக்கெட் ஊத்துப்பா" என்பார். அங்கேதான் கெடுகிறது. கல் மட்டம் என்று பழி விழும், கெடுத்தது பக்கெட்.

இதற்கு வைத்தியம் புதிதல்ல. நம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மாடித் தளத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டுவார்கள். அந்தச் செங்கல் ஜல்லியை நனைக்காமல் எந்த மேஸ்திரியாவது போட்டிருப்பாரா? முதல் நாளே ஊறப் போட்டுவிடுவார். உடைத்த ஜல்லிக் குவியலின் மேல் முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் தெளித்து, ஈரத் துணி போட்டு வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இங்கே இருக்கும் இளம் என்ஜினியர்களை விட ராயபுரத்து மேஸ்திரி ஒருவருக்கு இது சீக்கிரம் புரியும்.

இரண்டாவது, தூள். உடைக்கும்போது வரும் பொடியை இந்த வேலையில் சேர்க்கக் கூடாது. ஜல்லியை விட அது மிக அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். மண்ணோடு சேர்த்து நடைபாதைக்குக் கீழே நிரப்பலாம். மூன்றாவது, கலப்படம். பால்ஸ் சீலிங் ஜிப்சம், மரத்துண்டு, கண்ணாடி, பிளாஸ்டிக். ஜிப்சம் போனால் சல்பேட் வந்து கான்கிரீட்டை உள்ளேயே உப்ப வைக்கும். தெருவைப் பெயர்த்த கான்கிரீட்டில் இந்த வம்பு குறைவு. வீடு இடித்த ரப்பிஷில்தான் அதிகம்.

2021 டிசம்பர் 27-ல் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக், 24 வீடுகளோடு சரிந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் முன்கூட்டியே வெளியே ஓடி வந்ததால் உயிர்கள் தப்பின. வடசென்னையில் அந்த வயதுள்ள கட்டடங்கள் ஏராளம். ஒவ்வொன்றாக இடித்துத்தான் தீர வேண்டும். அந்த இடிபாடு மலையாகக் குவியும். மாநகராட்சி, கட்டட இடிபாடுகளைப் பதப்படுத்தக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் ஆலைகள் அமைத்தது. ஆலைக்கு நாளொன்றுக்கு 400 டன் திறன் என்றார்கள். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். டெல்லி புராரியில் 2009-லேயே இப்படி ஒன்று வந்துவிட்டது. 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள், அரசு மற்றும் உள்ளாட்சி வேலைகளில் 10 முதல் 20 சதவீதம் இடிபாட்டுப் பொருளை வாங்கிப் போட வேண்டும் என்றன. 2025-ல் புதிய விதிகளும் அறிவித்தார்கள். ஐ.ஆர்.சி. 121 என்று ரோடுகளுக்கென்றே தனி வழிகாட்டி 2017-ல் வந்தது. ஆக, புத்தகம் இருக்கிறது, ஆலை இருக்கிறது, கல் இருக்கிறது.

பிறகு என்ன தடை? என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். ஒரு தெரு வேலையில் தரம் பார்க்கும் பொறுப்பு எனக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு வந்த லோடில் மேலே அரையடி கருங்கல் ஜல்லி, கீழே காரையும் செங்கலுமாக ரப்பிஷ். திருப்பி அனுப்பச் சொன்னேன். சூப்பர்வைசர் கொஞ்சமும் கூச்சப்படாமல், "சார், எல்லா இடத்துலயும் போறதுதான் சார். உங்களுக்குத்தான் தெரிஞ்சுபோச்சு" என்றார். அவர் சொன்னது எனக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது. மட்ட ஜல்லி ஏற்கெனவே நம் தெருவுக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் கருங்கல்லின் விலைக்கு, சோதனையில்லாமல், போகக் கூடாத மேல்தளத்துக்குள் போகிறது. ஆறே மாதத்தில் மேலெல்லாம் பொடிந்து, சைக்கிள் போனால் புழுதி பறக்கிற ரோடு அப்படித்தான் பிறக்கிறது.

பிறகு நான் அந்த அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன்: கீழடுக்குக்கு உடைத்த ஜல்லியை வெளிப்படையாகவே எடுத்துக்கொள்வோம், அதற்கான குறைந்த விலையைப் போடுவோம், கியூப் சோதனை செய்வோம் என்று. "ரேட் ஷெட்யூல்ல ஐட்டம் இல்லையேப்பா, ஆடிட்ல யார் பதில் சொல்றது?" என்று கேட்டார்கள். அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஐட்டம் இல்லாத வேலைக்குக் கையெழுத்துப் போட்டு ஓய்வூதியத்தை யார் பணயம் வைப்பார்கள்? ஆனால் ஐட்டம் இல்லாத அந்தக் கல்தான் ஐட்டம் இருக்கும் கல்லின் பெயரில் பில் ஆகிறது என்பதும் உண்மை.

கடைசியில் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தனியார் குடோன் முதலாளி சம்மதித்தார். அவர் வளாகத்துக்குள் பழைய கான்கிரீட் தரையைப் பெயர்த்து, அங்கேயே உடைத்து, ஊற வைத்து, டி.எல்.சி. போட்டோம். மேல்தளம் கருங்கல் ஜல்லி. ஏழு நாள் கியூப் தேவையான வலுவைக் காட்டியது. மூன்று மழைக்காலம் போய்விட்டது, பலகைகளில் விரிசல் இல்லை. ஆனால் அது ஒரு வளாகத்து ரோடு. அங்கே போவது சரக்கு வேன்களும் சில லாரிகளும். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு இதை நான் சாட்சியாகக் காட்ட மாட்டேன். 1958 முதல் 1960 வரை இல்லினாய்ஸில் நடந்த ஆஷோ ரோடு சோதனையில் கண்டது என்னவென்றால், அச்சு எடை இரண்டு மடங்கானால் சேதம் சுமார் பதினாறு மடங்காகும். எம்.கே.பி. நகர் குறுக்குத் தெருவுக்குப் பொருந்துவது துறைமுகச் சாலைக்கும் பொருந்தும் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

இந்த அரங்கில் நெடுஞ்சாலைத் துறையில் இருக்கும் அண்ணன்கள் நாலைந்து பேரைப் பார்க்கிறேன். மாநகராட்சியில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். உங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு தெரு. நூறு மீட்டர் போதும். ரேட் ஷெட்யூலில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: "உடைத்த கான்கிரீட் ஜல்லியில் டி.எல்.சி." என்று, அதற்கென்று தனி விலையோடு. தண்ணீர் உறிஞ்சும் அளவு, உப்பு, சல்பேட், ஏழு நாள் கியூப். இந்த நாலு சோதனைகளையும் நம் கல்லூரி லேபிலேயே செய்துவிடலாம். பேராசிரியர் தலையாட்டுகிறார், நன்றி ஐயா. இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் ஆகவும் இருக்கும். தெருவின் பெயரையும் நானே தருகிறேன்; சென்ட்ரல் அவென்யூவிலிருந்து பிரியும் குறுக்குத் தெருக்களில் மழைக்கு மணல் மூட்டை அடுக்குகிற தெரு எதுவானாலும் சரி.

பின்னால் மேசையில் இரண்டு பாண்டுகளில் ஜல்லி வைத்திருக்கிறேன். ஒன்று கருங்கல், ஒன்று உடைத்த கான்கிரீட். இரண்டும் நேற்றிலிருந்து தண்ணீரில் ஊறுகின்றன. பக்கத்தில் தராசும், காய்ந்த எடை எழுதிய சீட்டும் இருக்கின்றன. சாப்பிடப் போகும் முன் துடைத்து நிறுத்துப் பாருங்கள். கேள்வி இருந்தால் நான் அங்கேதான் நிற்பேன்.